பூவை விழுங்கிய எலுமிச்சை

மரம் பேசினால் மனிதர் நின்று கேட்டுவிட்டுப் போன அந்தக் காலத்தில், எலுமிச்சைக்கு முள் கிடையாது. பழம் இனிக்கும். வேரில் ஈரம் இருந்தால் போதும், கேட்டதும் சிரிக்கிற பிள்ளையைப் போலப் பூத்துவிடும். இன்று வீட்டில் எலுமிச்சை வளர்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மேற்கே மலை நீலமாகத் தெரியும் ஒரு வறண்ட ஊர். உப்பளத்தில் உப்பு வாங்கி, பொதிமாட்டில் ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நெல்லும் மிளகுமாக மாற்றி வருவதுதான் அந்த ஊர் ஆண்களின் பிழைப்பு. வழியில் காட்டாறு உண்டு, காய்ச்சல் உண்டு, புலி உண்டு. போனவர் எந்த நாளில் திரும்புவார் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. புறப்படுகிறவன் தன் வீட்டு மரத்தைத் தொட்டு, இது பூக்கையில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போவான். அதற்கு மரவாக்கு என்று பெயர். மரம் பூத்து, காய்த்து, பழுத்து, முதல் பழம் தானாக மண்ணில் விழும் வரைக்கும் அவன் வரவில்லை என்றால், அவன் இல்லை. மனைவி தாலியைக் கழற்றி மரத்தடியில் புதைப்பாள். பிறகு அவள் மனம்போல் வேறொருவரைக் கட்டிக்கொள்ளலாம். ஊர் ஒன்றும் சொல்லாது. ஆனால் மரம் பூக்கும் வரைக்கும் அவள் போனவனுடைய மனைவிதான்.

முத்திருளன் புறப்பட்டபோது அவன் வீட்டில் மரம் என்று எதுவும் இல்லை. சடைச்சியைக் கட்டி அவன் தனிக்குடித்தனம் வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கிருந்தோ ஒரு எலுமிச்சைக் கன்றைக் கொண்டுவந்து, புறவாசலில் குளிக்கிற தண்ணீர் ஓடிப் பாயும் இடத்தில் நட்டான். பிறகு குனிந்து அதன் நுனியைத் தொட்டான்.

"ஒரு முழம்கூட இல்லை. இதைத் தொட்டா வாக்குக் குடுக்கப் போறீக?" என்றாள் சடைச்சி.

"வளரட்டும். சொந்தமா ரெண்டு மாடு வாங்குற வரைக்கும் மலைக்கு அங்கிட்டேதான் கிடக்கணும். அதுக்குள்ள இதுவும் ஆளாயிரும்."

"அடுத்த வீட்டு முருங்கையைத் தொட்டுச் சொல்லுங்களேன். அது சட்டுனு பூக்கும்."

"அது வருஷம் பூராவும்லா பூக்கும். அப்போ நான் ஊரை விட்டே போக முடியாதே."

அவள் சிரித்தாள். கன்றுக்கும் சிரிப்பு வந்தது. அதன் நுனியில் அவன் விரலின் உப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. கன்று அதை வெகுநாள் நினைவில் வைத்திருந்தது.

எலுமிச்சைக்கு வேறு யாரையும் தெரியாது. அது கண் விழித்ததும் சடைச்சி முகத்தில்தான், தூங்கப் போனதும் அவள் குரலில்தான். அரிசி களைந்த நீர், பாத்திரம் அலம்பிய நீர், குளித்த நீர், எல்லாம் அதன் காலடிக்கே வந்தன. அவள் அதைப் பிள்ளை என்று கூப்பிட்டாள். அது அவளை அக்கா என்றது. அவள் துணி பிழிந்துகொண்டே முத்திருளனைப் பற்றிச் சொல்லுவாள்: அவருக்குச் சோற்றில் மோர் மிதக்க வேண்டும், தூக்கத்தில் மாட்டை அதட்டுவார், காலில் ஒரு விரல் கோணல். கேட்டுக் கேட்டு, தொட்டுவிட்டுப் போன அந்த மனிதனை மரமும் எதிர்பார்க்கத் தொடங்கியது.

கன்று மரமாகி, ஒரு மாசி மாதம் இலைக்கு இலை, காம்பு தண்டில் சேரும் இடத்தில், அரிசி முனை போல மொட்டுக் கட்டியது. அது இன்னும் சடைச்சியின் கண்ணில் படவில்லை. விடிந்ததும் அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று மரம் எண்ணியிருந்தது. விடிந்தபோது அதன் உச்சியில் ஓர் உண்ணிக்கொக்கு வந்து உட்கார்ந்தது. மாட்டின் முதுகில் ஏறி நாடு சுற்றும் பறவை அது.

"நீதானே அந்த உப்புக்காரன் தொட்ட மரம்?"

"ஆமாம். வந்துட்டாரா?"

கொக்கு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. "வந்துக்கிட்டுதான் இருந்தான். ரெண்டு மாடு வாங்கியிருந்தான். நான் அதுல ஒண்ணு முதுகுலதான் வந்தேன். மலை இறக்கத்துல காட்டாறு. மேல எங்கயோ மழை பெய்ஞ்சது எங்களுக்குத் தெரியலை. வெள்ளம் வந்ததும் மாடு மிரண்டு நடு ஆத்துல நின்னுட்டுது. அவன் கயித்தை விடலை."

"விட்டிருக்கலாமே."

"நானும் சொன்னேன். வாங்கின மாடு, விடமாட்டேன்னுட்டான். எனக்கு ரெக்கை இருந்துது." கொக்கு அலகால் இறக்கையைக் கோதிக்கொண்டது. "கூட யாரும் இல்லை. பார்த்தது நான் ஒருத்தன்தான். அந்தப் பொண்ணுகிட்ட நீ சொல்லிரு."

"நான் எப்படிச் சொல்லுவேன்?"

"வாயால சொல்ல வேண்டாம். பூத்தாப் போதும். மத்தது தானா நடக்கும். அதுக்குத்தானே உன்னைத் தொட்டான்."

பொதி இறக்கிய மாட்டைப் போல லேசாகி, கொக்கு பறந்துவிட்டது.

சடைச்சி கதவைத் திறந்துகொண்டு அலம்பிய தண்ணீரோடு வந்தாள். தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டே மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரியா இருக்கு? இன்னைக்கா, நாளைக்கா?"

அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை மரம் பார்த்தது. பூத்தால் அது நாலைந்து மாதத்தில் அணைந்துபோகும். பழம் ஒவ்வொன்றாய்ப் பழுப்பதை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று மரம் நினைத்துப் பார்த்தது. கொஞ்ச நாள் போகட்டும் என்று தோன்றியது. கொஞ்ச நாள்தான். அவள் இன்னும் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருக்கட்டும்.

அது தன் மொட்டுகளை எல்லாம் விழுங்கியது.

பூவை விழுங்குவது எளிதல்ல. மேலே வரத் துடிப்பதை உள்ளே அழுத்த வேண்டும். அழுத்திய இடத்தில் ஒவ்வொரு மொட்டும் இறுகி, கூராகி, விறைத்து நின்றது. பூவின் வாசனை போக வழியில்லாமல் இலைக்குள் புகுந்தது. தேனாகியிருக்க வேண்டிய சாறு தண்டுக்குள்ளேயே நின்று புளித்தது.

"இன்னும் எனக்கு வயசு வரலைக்கா" என்றது மரம். அதுதான் அது சொன்ன முதல் பொய்.

அடுத்த வருஷம், காற்று சரியில்லை என்றது. அதற்கடுத்த வருஷம் சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. சடைச்சி விடாமல் கேட்டாள். "தண்ணி போதலை அக்கா" என்று சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து அவள் குடம் குடமாக ஊற்றினாள். கிணற்றுக் கயிறு அவள் உள்ளங்கையில் தடம் போட்டது. மரம் செழித்தது. கரும்பச்சை இலையும் கிளையுமாகக் கூரைக்கு மேலே போனது. ஊற்ற ஊற்ற அதற்குப் பலம் வந்தது. பலம் வந்ததால் பூவை அடக்கி வைப்பதும் லேசாயிற்று. அவள் இறைத்த தண்ணீரைக் குடித்துத்தான் அது அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு முருங்கைக்கு இது பொறுக்கவில்லை. "என்னத்தையோ அடக்கி வச்சிருக்கே நீ. உன் தண்டெல்லாம் கூர்கூரா நிக்குது. என்னால ஒரு சேதியைப் பொழுது சாயுற வரைக்கும் வச்சிருக்க முடியாதுப்பா. கிளை முறிஞ்சு போகும்."

"உன் கிளை காத்தடிச்சாலே முறியும்" என்றது எலுமிச்சை.

"அது வேற" என்று சொல்லிவிட்டு முருங்கை கொஞ்சம் பூவைக் கீழே உதிர்த்தது.

முத்திருளனின் அக்காள் பூமயில் நாள் கிழமைகளில் வருவாள். வந்ததும் நேரே புறவாசலுக்குப் போய் மரத்தைப் பார்ப்பாள். "ஏளா சடைச்சி, வாழைத்தோப்புக்குப் பாய்ச்சுற மாதிரி பாய்ச்சுறே. இலையைத்தான் கறி வைக்கப் போறியா?" என்பாள். போகும்போது, "பூக்கலைல்லா, அப்போ தம்பி நல்லாத்தான் இருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அதைக் கேட்கும்போது, தான் செய்தது சரிதான் என்று மரத்துக்குத் தோன்றும்.

வேலாண்டி வந்த வருஷம்தான் அது சரியில்லை என்று தோன்ற ஆரம்பித்தது.

அவர் கிணறு வெட்டுகிறவர். மனைவி இறந்தவர். சடைச்சிக்கு மச்சான் முறை. கிணற்றில் நீர் இறங்கிவிட்டது என்று கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். அவர் இறங்கி, சுண்ணாம்புப் பாறையை உடைத்து, மண்ணை வாரி ஏற்றினார். மேலே வந்து உட்கார்ந்தபோது புருவமெல்லாம் சுண்ணாம்புத்தூள்.

"இப்பவே நரைச்சுட்டு உங்களுக்கு" என்றாள் சடைச்சி.

"உன் கிணத்துக்குள்ள இறங்கினா வேற என்ன ஆகும்? பாதாளத்துல இருக்கிறவன் என்னைப் பார்த்து, என்னப்பா இம்புட்டுத் தூரம்னு கேட்டான்."

அவள் சிரித்தாள். மரம் அந்தச் சிரிப்பை அடையாளம் கண்டுகொண்டது. ஒரு முழக் கன்றாக இருந்தபோது கேட்ட சிரிப்பு அது.

வேலை முடிந்த பிறகும் அவர் வந்தார். உருளைக்கு எண்ணெய் போட, கயிறு மாற்ற, சில நாள் ஒன்றுமில்லாமல். ஒருநாள் மரத்தடியில் நின்றே கேட்டார்.

"சடைச்சி, ஒன்னு கேப்பேன். பிடிக்கலைன்னா இல்லைன்னுரு. எனக்கும் ஆள் இல்லை."

அவள் கீழே பார்த்தாள். "மரம் பூக்கட்டும்" என்றாள். "பூத்து அவுக வந்துட்டா அவுக. வரலைன்னா, அப்புறம் உங்ககூட வர எனக்குச் சம்மதம். இது பூக்காம நான் எதையும் சொல்ல முடியாது. சொன்னாத் துரோகம்."

"சரி. பூக்கட்டும்" என்றார் அவர்.

மரம் அப்போது பூத்திருக்கலாம். ஆனால் இப்போது பூத்தால் அக்கா கேட்பாளே, இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று. கேட்டால் என்ன சொல்வது? முதலில் அவள் அழக்கூடாதென்று அடக்கிய பூவை, இப்போது தனக்குப் பயந்து அடக்கியது. அந்த வருஷத்து முள்தான் எல்லாவற்றையும்விட நீளம்.

வேலாண்டி காத்திருந்தார். வருகிறபோதெல்லாம் ஒரு குடம் தண்ணீர் தானும் இறைத்து ஊற்றுவார். சில மழைக்காலம் போயிற்று. பிறகு கிழக்கே ஓர் ஊரில் குளம் வெட்டக் கூப்பிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ள வந்தார். "அங்க எனக்கு ஒரு பொண்ணு பேசியிருக்காக" என்றார். "என் ஆத்தாவுக்கு வயசாயிட்டு."

"நல்லது" என்றாள் சடைச்சி.

அவர் போன பிறகு அவள் புறவாசலில் வந்து நின்றாள். சும்மா ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினாள். கை நின்றது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"பூ வாசம் வருதே" என்றாள். "இலைக்குள்ள பூ வாசம் இருக்கு. பூவை எங்க பிள்ளை வச்சிருக்கே?"

அவள் கிளையைப் பிடித்து உலுக்கினாள். முள் உள்ளங்கையைக் கிழித்தது. கயிறு போட்ட தடத்துக்கு மேலே ரத்தம் வந்தது. அவள் அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

"இனி உனக்குத் தண்ணி கிடையாது."

குளிக்கிற தண்ணீரின் வாய்க்காலை மண்வெட்டியால் வேறு பக்கம் திருப்பிவிட்டாள். அது சித்திரை. மண் வெடித்தது. இலை ஓரம் சுருண்டது, பிறகு தொங்கியது, பிறகு உதிரத் தொடங்கியது. முருங்கை, "ஒரு வார்த்தை கேளேன், ஊத்துவா" என்றது. எலுமிச்சை கேட்கவில்லை. செத்துப்போனால் பூக்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு வழிதான் என்று நினைத்தது. தாகத்தில் தண்டு முறுக்கியபோதும் பூவின் மேல் வைத்த பிடியை அது விடவில்லை.

ஒரு பிற்பகலில் சடைச்சி வெளியே வந்தாள். மொட்டைக் கிளைகளைப் பார்த்தாள். உள்ளே போனாள். தான் குடிக்க வைத்திருந்த பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிணற்றிலும் அப்போது சேறுதான் இருந்தது.

"உன்மேல கோவிச்சு நான் யார்கிட்டப் போகப் போறேன்" என்று சொல்லி, பானையை அடியில் கவிழ்த்தாள்.

கோபத்தைத் தாங்க மரத்துக்குத் தெரிந்திருந்தது. இதைத் தாங்கத் தெரியவில்லை. வாடிக்கிடந்த வேரில் அந்தத் தண்ணீர் இறங்கியதும் உடம்பெல்லாம் பிடி விட்டது. இத்தனை காலம் அடக்கியது எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, சில நாளில் ஒவ்வொரு முள்ளுக்கும் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக வெடித்தது. இலை இல்லாத கிளையில் பூ மட்டும். வாசனை தெருவுக்குப் போயிற்று.

சடைச்சி ஓடிவந்து பார்த்தாள். உள்ளே போய் வீட்டை மெழுகினாள். இருந்த தண்ணீரில் குளித்தாள். பெட்டிக்குள் இருந்த கூறைப்புடவையை எடுத்துக் கட்டினாள். அது இப்போது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. மோர் கடைந்தாள். பிறகு மரத்தடிக்கு வந்தாள். முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம்.

"நீ கூரைக்கு மேல நிக்கிறியே, மேக்குப் பாதை தெரியுமே. பாரு பிள்ளை. யாராவது வாறாகளா?"

மரத்தால் அதற்கு மேல் முடியவில்லை.

"அவுக வரமாட்டாக அக்கா."

"என்ன சொல்றே?"

மரம் சொன்னது. கொக்கு கொண்டுவந்த சேதி, மாடு, காட்டாறு, விடாத கயிறு. சடைச்சி மண்ணில் உட்கார்ந்தாள். மோர்ச்சட்டியை அருகில் வைத்தாள், சிந்தாமல்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் மொட்டு வச்ச அன்னைக்கு."

அவள் யோசித்தாள். மனசுக்குள் வருஷங்களைத் திருப்பிப் பார்ப்பது போல இருந்தது.

"வேலாண்டி இங்கன நின்னு கேட்டாரே. அப்போ தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"அவர் உனக்குத் தண்ணி இறைச்சு ஊத்தினப்போ?"

பூ ஒன்று உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"நீ அழுவேன்னுதான்க்கா..." என்று மரம் ஆரம்பித்தது.

"அழுதிருப்பேன்" என்றாள் சடைச்சி. "ஒரு வருஷம் அழுதிருப்பேன். அப்புறம் எழுந்திருச்சிருப்பேன். நீ என்னை எழுந்திருக்கவே விடலையே."

பழம் விழும் வரை அவள் காத்திருக்கவில்லை. கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைக் கழற்றினாள். வழக்கப்படி மண்ணைத் தோண்டவும் இல்லை. கையெட்டிய உயரத்தில் எல்லாவற்றிலும் நீளமான முள்ளில் அதை மாட்டினாள்.

"இத்தனை வருஷம் இதைக் காப்பாத்தினது நீதானே. நீயே போட்டுக்கோ."

எழுந்து வாசற்படி வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"இனிமே என்கூடப் பேசாதே."

மரம் அதற்கும் சரி என்று சொல்ல வாயெடுத்தது. சொல்லவில்லை.

பூமயில் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஊர் வந்தது, போயிற்று. பூ பிஞ்சாகி, காயாகி, மஞ்சளாயிற்று. முதல் பழம் தானாக விழுந்த சத்தம் கேட்டு சடைச்சி அதை எடுத்து நறுக்கி வாயில் வைத்தாள். கண் தானாக மூடிக்கொண்டது. அவ்வளவு புளிப்பு. துப்பவில்லை.

வெகுகாலம் கழித்து, ஒரு கோடையில் வேலாண்டி அந்த வழியே போனவர் வாசலில் நின்றார். இந்தத் தடவை உண்மையாகவே நரைத்திருந்தார். சடைச்சி ஒரு பழத்தைப் பிழிந்து தண்ணீர் கலந்து கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன சடைச்சி, இப்படிப் புளிக்குது?"

"இருங்க" என்று உள்ளே போனாள். முத்திருளன் விட்டுப்போன மூட்டையில் அடியில் கிடந்த உப்பை ஒரு சிட்டிகை எடுத்துவந்து போட்டாள். "இப்பக் குடிங்க."

அவர் குடித்தார். "இப்ப இறங்குது" என்றார். பிறகு புறவாசல் பக்கம் பார்த்தார். "பூத்துதாமே. கேள்விப்பட்டேன். கொஞ்சம் முன்னாடி பூத்திருந்தா..."

"பூக்கலை" என்றாள் அவள்.

அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வெயில் தாழுமுன் போக வேண்டும் என்று கிளம்பினார். அவள் அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தெரு திரும்பியதும் பின்பக்கம் வந்து, மண்வெட்டியை எடுத்து, வாய்க்காலை மறுபடியும் அடைத்தாள். இலை சுருளட்டும் என்று விட்டாள். ஆனி மாதம் ஒரு குடம் ஊற்றினாள். மரம் பூத்தது. அவளும் பேசவில்லை, அதுவும் பேசவில்லை. பார்த்திருந்த மற்ற மரங்களும், நல்லெண்ணத்தில் சொல்லும் வார்த்தை எங்கே போய் முடியும் என்று பயந்து, ஒன்றன்பின் ஒன்றாக மனிதரோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. முருங்கைதான் கடைசி.

அந்தக் கோடையிலிருந்துதான், ஆசையாய்த் தினமும் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் எலுமிச்சை இலையும் முள்ளுமாகவே வளர்ந்து நிற்கிறது. வாடவிட்டு, மனம் கேளாமல் ஒரு குடம் ஊற்றுகிறவளுக்குத்தான் தான் அடக்கி வைத்திருந்ததைப் பூவாக எடுத்துக் காட்டுகிறது.